சாரிடம் சொன்னேன்

எங்கள் பல்கலைக்கழக விடுதியில் இருந்த பயோகேஸ் பிளாண்ட்டைக் கெடுத்தவன் நான். கெட்டதை மறைத்தவனும் நான். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் தலையில் பழியைப் போட்டு அவரை வேலையைவிட்டு அனுப்பியதும் நான்தான். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. அதன்மேல் சொல்வதற்கு எனக்குக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அப்போது நான் வேதியியல் துறையில் இணைப் பேராசிரியர், கூடவே துணை வார்டன். அமிலம், காரம் என்று வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

2022ஆம் ஆண்டு. நாக் குழு வரவிருந்தது. கல்லூரி வேலையில் இருப்பவர்களுக்கு இது போதும், வயிறு கலங்கிவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் அமைப்பு அது. அப்போது ஏழாவது அளவுகோலில் சுற்றுச்சூழல் வந்தது. அப்போதைய கையேட்டில் எரிசக்திக்கு ஐந்து இனங்கள் இருந்தன: சூரிய மின்சாரம், பயோகேஸ், சொந்தமாகத் தயாரித்த மின்சாரத்தை மின்கட்டமைப்பில் சேர்ப்பது, சென்சார் வைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, எல்.இ.டி. பல்புகள். நான்கு இருந்தால் முதல் படி. மூன்று என்றால் ஒரு படி கீழே. எங்களிடம் மூன்று இருந்தன. மாடியில் சூரியத் தகடு இருந்தது. பல்பெல்லாம் மாற்றியாகிவிட்டது. நூலகக் கழிவறையில் ஆள் போனால் எரியும் விளக்கு இருந்தது. நாலாவதுக்கு என்ன செய்வது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது.

நான் கையைத் தூக்கினேன். மெஸ்ஸில் நாளெல்லாம் எச்சில் விழுகிறது, பயோகேஸ் போடலாம் என்றேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துவிட்டேன். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருகிறவர்கள் மொத்தக் கழிவு உற்பத்தியாளர்கள், மக்கும் குப்பையைக் கூடுமானவரை தங்கள் வளாகத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் நான் பேசியது குப்பைக்காக அல்ல. என் பேராசிரியர் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அலுவலகத்தில் இருந்தது. பதிவாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதுவரை எங்கள் மெஸ்ஸின் மீதம் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊரில் பன்றி வளர்க்கிற ஒருவர் நீல டிரம்களைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் வருவார். சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடப்பதை அள்ளிக்கொண்டு போவார். எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. யோசித்துப் பார்த்தால் வளாகத்திலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பசுமைத் திட்டம் அது ஒன்றுதான். அவரை வர வேண்டாம் என்று சொன்னேன். ‘பன்றி ரிப்போர்ட்ல நல்லா இருக்காது’ என்று கூட்டத்தில் நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதற்குப் பிறகு தீனிக்கு எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

சமையற்கூடத்துக்குப் பின்னால் பிளாண்ட் எழுந்தது. 25 கன மீட்டர். மிதக்கும் டிரம் வகை. நாளொன்றுக்கு 200 கிலோ கழிவு என்று கோப்பில் எழுதியிருந்தது. நன்றாக ஓடினால் அவ்வளவு கழிவிலிருந்து 20 கன மீட்டர் வாயு வரலாம். எல்.பி.ஜி. கணக்கில் அது 9 கிலோ, அதாவது 19 கிலோ வணிக சிலிண்டரில் பாதி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. ஒரு கிலோ எச்சிலை உள்ளே போட்டால் திரும்பி வருவது 50 கிராம் எல்.பி.ஜி.க்குக்கூடக் காணாது. அந்த ஒரு கிலோவைப் பயிராக்கிய தண்ணீரும் உழைப்பும் அதைச் சமைத்த எரிபொருளும் போனது போனதுதான். தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட வைப்பதற்கு முன்னால் பயோகேஸ் ஒன்றுமே இல்லை.

இது எனக்கு முன்பே மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரவியல் படித்த ஒரு பெண் தலைமையில் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் கை கழுவும் இடத்தில் தராசு வைத்து எச்சிலை எடைபோட்டார்கள். ‘இன்று இவ்வளவு கிலோ’ என்று பலகையில் எழுதினார்கள். அரைக் கரண்டி சோறு கேட்டால் அரைக் கரண்டி போட வேண்டும் என்று மாஸ்டரிடம் சண்டைபோட்டு வாங்கினார்கள். எடை குறைந்துகொண்டே வந்தது. எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது. அதனால் எச்சில் குறைந்தால் மெஸ் பில் குறையும் என்று ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னார்கள்.

ஒருநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ‘கொஞ்ச நாளைக்கு எடை போடுறதை நிறுத்திவைம்மா’ என்றேன். பிளாண்ட்டுக்கு 200 கிலோ வேண்டும், வருவதோ அதைவிடக் குறைவு, கோப்பும் நடப்பும் ஒத்துப்போக வேண்டும் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘அப்போ நாங்க வீணாக்கணுமா சார்?’ என்று கேட்டாள். ‘அப்படியில்லம்மா’ என்று ஏதோ சொன்னேன். அப்படித்தான். சோற்றை வீணாக்காதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த நான் எச்சில் போதவில்லை என்று சொன்னேன். பலகையை அவர்களே கழற்றிக்கொண்டு போனார்கள்.

பிளாண்ட்டை ஓட்டியவர் ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட மூத்தவர். மாணவர்கள் அவரை ‘அண்ணே’ என்பார்கள். நான் ‘என்னப்பா’ என்றுதான் கூப்பிடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் அவர் வீட்டிலேயே கோபர் கேஸ் அடுப்பு இருந்ததாம். முதல் நாளே சொன்னார்: ‘சார், சாணி கரைச்சு ஊத்தி ரெண்டு மூணு வாரம் விடணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தீனி வைக்கணும்.’ தீனி என்பது அவருடைய சொல். அவருக்கு அது ஒரு மாடு.

அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. கலனுக்குள் இரண்டு வகை நுண்ணுயிரிகள் வேலை செய்கின்றன. ஒன்று சோற்றை உடைத்து அமிலமாக்கும். மற்றது அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். முதல் வகை அவசரக்காரர்கள், எவ்வளவு கொட்டினாலும் உடைத்துத் தள்ளுவார்கள். இரண்டாம் வகை மெல்லத்தான் பெருகும். அவை பெருகுவதற்குள் அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் தேங்கும். பிஎச் 7ஐ ஒட்டி இருக்க வேண்டியது இறங்கிக்கொண்டே போகும். 6.5க்கும் கீழே போனால் மீத்தேன் தருபவை சோர்ந்துவிடும். மற்றவை மட்டும் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு மீட்பது கஷ்டம்.

இரண்டு மூன்று வாரம் பொறுக்க எனக்கு நேரமில்லை. குழு வரும் தேதி முடிவாகிவிட்டது. இருப்பிடம் பதிந்த புகைப்படங்கள் வேண்டும், நாள்வாரிப் பதிவேடு வேண்டும். ‘நாளையிலிருந்தே முழுசாப் போடுப்பா’ என்றேன்.

சில நாட்கள் கழித்து அவர் என் அறை வாசலில் நின்றார். ‘சார், புளிச்ச வாடை வருது. ஒரு வாரம் தீனி நிறுத்திட்டு சாணி மட்டும் ஊத்துவோமா?’

‘டிரம் மேலதானப்பா நிக்குது?’

‘டிரம் நிக்குது சார். பத்த வெச்சா தீ நிக்க மாட்டேங்குது.’

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டிரம் எழுந்திருக்கிறது, வாயு எரியவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். என் ஆய்வகத்திலிருந்து நானே கொடுத்த பிஎச் தாள். கரைசலில் நனைத்துக் காயவைத்து, நான் பார்க்க வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பச்சையாக இருக்க வேண்டியது மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தது.

‘தாள் பழசா இருக்கும்’ என்றேன்.

அந்தச் சுருளை அந்த வாரம்தான் நான் பிரித்துக் கொடுத்திருந்தேன். அவருக்கும் தெரியும். அவர் எதிர்த்துப் பேசவில்லை. தாளை மறுபடி உறைக்குள் போட்டு, உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இந்த ஒரு இடத்தில் நிற்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இங்கிருந்துதான் வந்தது. ஒரு வாரம் தீனியை நிறுத்தியிருந்தால் போதும். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர், நாலு கூடை சாணம். பிளாண்ட் பிழைத்திருக்கும். நாங்கள் மூன்று இனங்களோடு குழுவைச் சந்தித்திருப்போம். ஒரு படி குறைந்திருக்கும். பதிவாளர் என்னைக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். எனக்குத் தெரிந்த வேதியியலை, ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் என் கண்முன் நீட்டியபோது, பொய் என்றேன்.

பிறகு ஹாஸ்டல் டே வந்தது. பிரிஞ்சி, சிக்கன், பாயசம். அண்டா அண்டாவாக மிஞ்சியது. பன்றிக்காரர் வருவதில்லை. இரண்டு நாளில் குழு வருகிறது. வளாகத்தில் ஒரு குப்பை டிரம்கூடக் கண்ணில் படக் கூடாது என்று உத்தரவு. ‘எல்லாத்தையும் உள்ள போடு’ என்றேன்.

‘எல்லாம் போட்டா செத்துரும் சார்.’

‘சொன்னதைச் செய்.’

செய்தார். மறுநாள் காலை கரைசல் நுரைத்துப் பொங்கி வெளியே வழிந்தது. மாணவியர் விடுதியின் கீழ்த்தளத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. தூய்மைப் பணி செய்யும் இரண்டு அம்மாக்களை வாளியில் அள்ளிக் கொட்டச் சொன்னேன். கையுறை கேட்டார்கள், ஸ்டோரில் சொல்லி வாங்கித் தருகிறேன் என்றேன். வரவில்லை. ஒருவர் பாதியில் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி அள்ளினார். நான் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றேன்.

அடுப்பு எரிந்தாக வேண்டும். பயோகேஸ் பர்னரில் வாயு வரும் துவாரம் பெரிதாக இருக்கும். அதில் எல்.பி.ஜி.யை விட்டால் தீ மஞ்சளாக, புகையோடு உயரமாக எழும். அதனால் பர்னரை மாற்றச் சொன்னேன். சாதாரண எல்.பி.ஜி. பர்னரைப் பொருத்தி, சுவருக்குப் பின்னால் சிலிண்டரை வைத்து, ‘பயோகேஸ்’ என்று பச்சை எழுத்தில் எழுதிய குழாயோடு ரப்பர் டியூபைச் சேர்த்துக் கட்டினோம். வேலையைச் செய்தவர் மெஸ் ஃபிட்டர். யோசனை என்னுடையது. குழு வந்தது. தீ நீலமாக நின்றது. அவர்கள் பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன், ஏமாற்ற வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன். பதிவாளர் என் தோளில் தட்டினார். நான்கு இனம்.

குழு போன பிறகும் சிலிண்டரை எடுக்கவில்லை. அடுத்து ஒரு தணிக்கை, அடுத்து யாரோ விருந்தினர். அந்த சிலிண்டர்கள் எந்தக் கணக்கில் போயின? மெஸ் கணக்கில். டிவைடிங் சிஸ்டம் என்றேன் அல்லவா? என் பெருமைக்கான செலவு தலைக்கு இவ்வளவு என்று பிரிந்து பிள்ளைகள் தலையில் விழுந்தது. கல்விக்கடனில் படிக்கிறவர்கள், மெஸ் பில் கட்ட வீட்டில் நகை அடகு வைக்கிறவர்கள் அவர்களில் இருந்தார்கள். தொகை பெரிதில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கையிலிருந்து போகவில்லை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

எச்சிலை எடைபோட்ட அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். ஏதோ ப்ராஜெக்ட்டுக்காக அடுப்பைப் படம் எடுக்க வந்தவள் குனிந்து பர்னரைப் பார்த்தாள். ‘சார், இது எல்.பி.ஜி. ஜெட் மாதிரி சின்னதா இருக்கே?’ என்றாள். ‘பழைய பர்னர் ரிப்பேருக்குப் போயிருக்கு’ என்றேன். அவள் சுவருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் விஷயம் பரவியது. பதிவாளர் விளக்கம் கேட்டார்.

விளக்கத்தை ஒரு இரவில் எழுதினேன். ‘பணியாளரின் கவனக்குறைவால் அளவுக்கு மீறிக் கழிவு இடப்பட்டு, கலன் தற்காலிகமாகச் செயலிழந்துள்ளது. மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.’ செயப்பாட்டு வினை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! யார் இட்டார், யார் சொல்லி இட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

பிளாண்ட்டை ஓட்டியவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நாற்பது பக்க நோட்டு. அலுவலகப் பதிவேடு வேறு. அதில் நான் சொன்ன 200 கிலோவையே தினமும் எழுதுவோம். இது அவராகவே எழுதியது. என்ன போட்டார், எவ்வளவு, வாடை எப்படி, தீ எந்த நிறம். விளக்கத்தைக் கொடுப்பதற்கு முன் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். ‘ஆபீசுக்குக் காட்டணும்’ என்றேன். சந்தேகப்படாமல் கொடுத்தார். தனக்கு நல்லது நடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அறைக்கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். ‘புளிப்பு வாடை. சாரிடம் சொன்னேன்.’ அடுத்த பக்கத்தில் ‘தீ நிக்கல. சாரிடம் சொன்னேன்.’ ஹாஸ்டல் டே அன்று ஒரே வரி: ‘எல்லாம் போட்டாச்சு. வேண்டாம்னு சாரிடம் சொன்னேன்.’ யாரையும் மாட்டிவிட எழுதியதில்லை. மாட்டுக்கு எப்போது ஊசி போட்டோம் என்று குறித்துவைப்பது போல எழுதியிருந்தார். நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கான்ட்ராக்டருக்கு நானே போன் செய்தேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து கேட்டில் நின்று என்னைப் பார்க்கக் கேட்டார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பிளாண்ட் ஓட்டிய அனுபவத்துக்கு ஒரு கடிதம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றார். கான்ட்ராக்டர் தர மாட்டேன் என்றாராம். நோட்டைப் பற்றியும் கேட்டார். அதைக் காட்டினால் நம்புவார்கள் என்று சொன்னார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். கடிதம் கொடுத்தால் அதில் என் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்து என் விளக்கத்தைப் பொய்யாக்கும். கொடுக்கவில்லை. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. மூத்த மகளின் படிப்பு அந்த ஆண்டு நின்றது என்று காவலாளி சொல்லிக் கேள்விப்பட்டேன். எனக்குப் பேராசிரியர் பதவி அதே ஆண்டில் வந்தது.

சுற்றுச்சூழல் மன்றம் பெயருக்கு இருக்கிறது. அந்தப் பெண் விலகிவிட்டாள், தராசையும் யாரும் எடுக்கவில்லை. இன்றும் வளாகத்தில் சூழல் என்று எதைச் சொன்னாலும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான்தான் கற்றுக்கொடுத்தேன். குப்பையைப் பிரித்துப் போடு என்று சொல்ல வரும் புது ஆசிரியர்களுக்கு அது ஏன் என்று புரிவதில்லை.

போன மாதம் பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். இப்போது இருப்பவர் வேறொருவர். மேலே எழுதியதையெல்லாம் அதில் எழுதி, நோட்டின் நகலை இணைத்தேன். அசல் நோட்டையும் அனுபவக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பிளாண்ட்டை ஓட்டியவர் வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். கடிதத்தை வாங்கிப் படித்தார். ‘இப்ப இதை வெச்சு என்ன சார் பண்றது’ என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்ன செய்யலாம் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நோட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. விசாரணை வைத்தால் வைக்கட்டும். சிலிண்டர் கணக்கை மட்டும் தனியாக எடுத்துத் தரும்படி மெஸ் பிரிவில் கேட்டேன், பணத்தைக் கட்டிவிடலாம் என்று. எடுத்துத் தந்தார்கள். ஆனால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார் கணக்காளர். அந்த மாதங்களின் பில் அந்த மாதத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்தது, அவர்களில் பலர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், இப்போது இருக்கிறவர்கள் கணக்கில் வரவு வைத்தால் அது வேறொருவர் பணம் ஆகிவிடும், எந்தத் தலைப்பில் வாங்குவது என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்.